தையல் அக்காவுக்கு வந்த கடிதம்

போன வாரம் எனக்குப் புது போன் வாங்கிக் கொடுத்து, நீங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பாக அதில் ஏற்றினீர்கள். அது கேட்ட கேள்விக்கெல்லாம் நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உங்களுக்குச் சிரிப்பு. போனில் இருக்கும் பெயர்களை எல்லாம் பார்த்துக்கொள்ளலாமா என்று அது கேட்டபோது நான் போனையே பிடுங்கிக்கொண்டேன். "அப்பாவோட போனைப் பாத்து அந்தக் கம்பெனிக்காரன் என்னத்தக் கண்டான்?" என்று சின்னவள் கேட்டாள். அதற்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதினால் எனக்குக் கொஞ்சம் நிதானமாக வரும். ஒன்பதாவது வரைக்கும் படித்த எழுத்து, பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் என் இடது கையில் இரண்டு விரல் போனது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் ஊனமுற்றவர்களுக்கான ஒதுக்கீட்டில் எனக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. அன்னூரில் சத்தி ரோட்டுமேல். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை, வெளியே என் மேஜை, மேஜைமேல் நம்பரையும் நேரத்தையும் காட்டி பில் அடிக்கும் ஒரு பெட்டி. அவ்வளவுதான் கடை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருப்பக்கம் வீட்டில் போன் வைத்திருந்தவர்களை என் இடது கையாலேயே எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் நான்தான் போன்.

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் பேசி முடித்து வெளியே வந்ததும் அந்தச் சேதியை என்னிடம் சொல்லாமல் யாரும் போகமாட்டார்கள். நம் பக்கத்துப் பழக்கம் அப்படி. போனை வைத்துவிட்டு வருகிறவரிடம் "எல்லாரும் நல்லாருக்கறாங்களாங்க?" என்று நான் கேட்காவிட்டால் எனக்கு மரியாதை தெரியாது என்று அர்த்தம். கேட்ட பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஆகவே நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். மகள் முழுகாமல் இருப்பது, பவானியில் பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டு கிடப்பது, போர் போட்டும் தண்ணீர் வராதது, எல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும்.

ஆனால் என் மேஜையிலிருந்து ஊருக்குள் போனதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான் சொன்னதில்லை. எதிரே டீக்கடைக்காரர் எத்தனையோ தடவை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறார். "உங்க வாயைத் தொறக்கறதுக்கு ஒரு பூட்டுக்காரனைத்தான் கூட்டியாரோணும்" என்று சலித்துக்கொண்டு தம்ளரை எடுத்துக்கொண்டு போவார்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். கழுத்தில் டை, கையில் சூட்கேஸ். எங்கள் பக்கம் இருந்த சில பூத்துகளுக்கு அவருடைய கம்பெனி கம்ப்யூட்டர் கொடுக்கிறதாம். பில் பெட்டி செய்யும் வேலையை அதுவே செய்யுமாம். ஒரு பைசா தர வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை அவர் வந்து ஒரு ஃபிளாப்பியில் அதிலிருப்பதைப் பிடித்துக்கொண்டு போவார்.

ஃபிளாப்பியில் என்ன போகும் என்று கேட்டேன். "நம்பருங்கதான் சார். ஊர்ல யாரு எங்க பேசறாங்கன்னு ஒரு புள்ளிவிவரம். உங்களுக்கு அதுல நஷ்டம் என்ன?" என்றார். எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை. அன்னூரில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த இடம் இன்னொன்று எங்கே என்று எனக்குத் தெரியாது. பில் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு பக்கம். பெயர், வீடு, அவர் கூப்பிடும் நம்பர், அது யாருடைய நம்பர், கடைசியில் குறிப்பு என்று ஒரு பெரிய கட்டம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் வேலை சுலபமாகும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். உண்மையிலேயே ஆயிற்று. துண்டுச்சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு நான் இரண்டு எழுத்துத் தட்டினால் நம்பர் வந்து நின்றது. ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. மில்லில் விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன் கம்ப்யூட்டர் தட்டுகிறேன் என்றால் சும்மாவா? மதிய நேரத்தில் கூட்டம் இல்லாதபோது, வலது கையின் ஒரே விரலால், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்ததை எல்லாம் அந்தக் குறிப்புக் கட்டத்தில் ஏற்றினேன்.

பெயர்க் கட்டத்தில்தான் ஒரு சங்கடம். பாதிப் பேருக்கு எனக்குப் பெயர் தெரியாது. பெண்கள் என்றால் சுத்தமாகத் தெரியாது. முகத்துக்கு நேரே ஒரு பெண்பிள்ளையிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்கிற வழக்கம் ஏது? அக்கா, அம்மணி, மேக்காலத் தோட்டத்து அம்மா என்றுதான் கூப்பிட்டோம். நான் கூப்பிடுவது எதுவோ அதையே பெயராகப் போட்டேன். வீட்டுக்குக் கதவு எண்ணும் கிடையாது. ரேஷன் கடைக்குப் பின்னால் பச்சை கேட்டு, கிணற்றுமேட்டு ஓட்டு வீடு, இப்படி.

ஒருநாள் சோறு கொண்டுவந்த உங்கள் அம்மா பின்னால் நின்று பார்த்தாள். "ஊட்டுக்கு ஊடு நடக்கறதை எல்லாம் இந்த டப்பாவுல போட்டு என்னங்க பண்றது? என்னையும் எழுதிப்போட்டீங்களா?" என்றாள். நீ எங்கே போன் பேசுகிறாய், உன்னை எழுத, என்று சிரித்தேன். எழுதுவதும் சொல்வதும் ஒன்று என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சொன்னால்தான் இன்னொரு காது கேட்கும். டப்பாவுக்குக் காது ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஊருக்குள் அச்சடித்த காகிதங்கள் தபாலில் வர ஆரம்பித்தன. போர் போட்டவருக்கு மோட்டார் விளம்பரம். மகளைக் கட்டிக் கொடுத்தவருக்குப் பாத்திரக் கடைப் படம். வாங்கியவர்களுக்குப் பெருமை. "என்ற ஊடு எங்கயோ இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். அவ்வளவு மடையனாக இருந்தேன்.

இப்போது தையல் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேஷன் கடைக்குப் பின்னால் பச்சை கேட்டு வீடு. வீட்டுக்காரர் தவறிப்போய், ஒரே மகளை வைத்துக்கொண்டு, முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு, பல வருடமாக வரவே இல்லை. ஆனாலும் மாத்திரையை விடக்கூடாது. மாதம் ஒருமுறை அக்கா என் பூத்துக்கு வந்து கோயமுத்தூரில் இருந்த நரம்பு டாக்டரிடம் பேசுவார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொல்வார். உறவுக்காரர் யாருக்கும் அந்த விஷயம் தெரியாது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது. முதல் தடவை ஆண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், பிடித்துவிட்டது. அடுத்து மாப்பிள்ளையின் அம்மா வர வேண்டும். அக்கா டாக்டரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து, முகமெல்லாம் தெளிந்து, என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கல்யாணம் பண்ணலாம், ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க தம்பி. ஆனா மறைச்சுக் கட்டிக்குடுக்க மாட்டனுங்க. அந்தம்மா வாரப்ப, தனியா உள்ள கூட்டிப்போயி, எம்பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சு நானே சொல்லிப்போடறேன். மொதல்ல அவங்க பொண்ணைப் பாக்கட்டும். பொறவு சீக்கைப் பாக்கட்டும்."

நல்ல யோசனைங்க அக்கா என்றேன். அந்தப் பெண்ணின் வலிப்பு, டாக்டர், மாத்திரை எல்லாம் அதற்கு முன்னாலேயே குறிப்புக் கட்டத்தில் ஏறி, ஃபிளாப்பியில் பெங்களூர் போய்விட்டிருந்தது.

பொள்ளாச்சி அம்மா வருவதற்கு ஐந்தாறு நாள் இருக்கும். அக்கா நூல், லைனிங் துணி வாங்க மகளோடு திருப்பூர் போயிருந்தார். வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் அந்த வீட்டுத் தபாலை வழக்கம்போல டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒட்டாத கவர், மேலே பெங்களூர் முத்திரை, புக் போஸ்ட். டீக்கடையில் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டு நான் எதிர்ப்பக்கம் போனேன். டீக்கடைக்காரர் கவரின் மேலே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"மிசஸ் தையல் அக்கா, பச்சை கேட்டு வீடு, ரேஷன் கடைக்குப் பின்னால. கவர்ல இப்படியாங்க எழுதுவாங்க? எவனோ நம்ம ஊர்க்காரன்தான் எழுதியிருக்கறான்."

கம்ப்யூட்டரில் நான் தட்டிய அதே வார்த்தைகள். அதற்குள் பெஞ்சில் இருந்த ஒருவர் உள்ளே இருந்த காகிதத்தை உருவிவிட்டார். வலிப்பு நோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஒரே மாதத்தில் குணப்படுத்தும் லேகியம், தபாலில் அனுப்புகிறோம், உங்கள் மகளுக்கு இன்றே வாங்குங்கள். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. உருவியவர் மெதுவாக மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பொள்ளாச்சியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அதைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். டீக்கடைக்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க, நீங்கதான் பெங்களூர்ல இருந்து தபால் போட்டீங்களாக்கும்?"

கவரையும் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவிநாசி பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். கடையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே பச்சை கேட்டுக்குப் போனேன். மகள் உள்ளே போய்விட்டாள். அக்கா தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கவரை மெஷின்மேல் வைத்தேன். முதலில் மேலே பார்த்துச் சிரித்தார். பிறகு உள்ளே பார்த்தார். கம்ப்யூட்டர், குறிப்புக் கட்டம், ஃபிளாப்பி எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் படித்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை அக்கா, சத்தியமாகச் சொன்னதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. துணி வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லீங்க தம்பி. நாலு பேரு பேசுவாங்க, நாலு நாள்ல மறந்துபோடுவாங்க. எழுதிப்போட்டீங்களே." பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொல்லோணும்னு வெச்சிருந்தனுங்க. அதை எவனோ சொல்லிப்போட்டான்" என்றார்.

நானே பொள்ளாச்சிக்குப் போய் எடுத்துச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. நீங்க சொன்ன வரைக்கும் போதும்."

அந்த வார்த்தை எனக்கு மில்லில் விரல் போனபோது வலித்ததைவிட அதிகம் வலித்தது. ஆனால் அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

ஊர்ப் பேச்சு பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் தானே பேசிவிட வேண்டும் என்று அப்போதே கிளம்பி என்னோடு பூத்துக்கு வந்தார். நான் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பரண்மேல் இருந்த பில் பெட்டியை இறக்கி மாட்டினேன். அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நான் வெளியே போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை ஓரமாக நின்றுகொண்டேன். கேட்காது என்று தெரியும். அவர் முகத்தையும் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. வெகுநேரம் பேசினார். வெளியே வந்து பில்லை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் "என்னங்க சொன்னாங்க?" என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாரேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பொள்ளாச்சியிலிருந்து யாரும் வரவில்லை. ஜாதகம் இன்னொரு இடத்தில் பார்த்தபோது சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அது எனக்கு டீக்கடை வழியாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் அக்கா அதற்குப் பிறகு என் பூத்துக்கு வரவில்லை. மாதம் ஒரு தடவை என் கடையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு நடந்து போவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

கம்பெனி ஆள் வந்தபோது கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போன ஃபிளாப்பிகளில் இருப்பதை எல்லாம் அழித்துவிட முடியுமா என்றும் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பாவம், சம்பளத்துக்கு ஓடுகிற மனிதர்தான். "அது இப்ப எந்தெந்த கம்பெனிக்குப் போயிருக்கோ, எனக்கே தெரியாது சார்" என்றார். லேகியக் கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். அவர் சூட்கேஸைத் திறந்து மூடினார். "நாங்க கேட்டோம், நீங்க குடுத்தீங்க. உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே சார்" என்றார். அதுவும் நிஜம்தான். எல்லாக் கட்டத்தையும் நான்தான் நிரப்பினேன். ஆனால் கட்டத்துக்குள் இருந்தவர்கள் யாரும் நிரப்பச் சொல்லவில்லையே.

கம்ப்யூட்டர் போகும் முன் அதில் எழுதியிருந்தவர்கள் பெயரையும் குறிப்பையும் ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்தில் உங்கள் அம்மாவை உட்கார வைத்துவிட்டு சைக்கிளில் வீடு வீடாகப் போய், உங்களைப் பற்றி இன்ன இன்னது எழுதினேன், அது வெளியே போய்விட்டது என்று சொன்னேன். ஒருவர் மோர் கொடுத்து, எம்பேரு பெங்களூர்ல இருக்குதா என்று சந்தோஷப்பட்டார். பாகப்பிரிவினைக்காரர் அடிக்க வந்துவிட்டார். மேக்காலத் தோட்டத்து அம்மா, "அப்ப என்னைப் பத்தி என்ன எழுதுனீங்க, படிங்க கேக்கலாம்" என்று கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகளோடு சண்டை என்று எழுதியிருந்தேன். படித்தேன். மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அம்மா, "அவ தப்புன்னு எழுதுனீங்களா, என்ற தப்புன்னு எழுதுனீங்களா?" என்று கேட்டார். நான் தாளை மடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதியம் தையல் அக்காவின் மகள் தனியாகப் பூத்துக்கு வந்தாள். போன் பேச வரவில்லை. மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மாமா, அந்த டப்பாவுல இன்னும் நான் இருக்கறனுங்களா?"

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இங்க இல்ல கண்ணு. வெளிய எங்கெங்க இருக்கறீன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"செரி, உடுங்க. இனி யாரு வந்தாலும் மொதல் பேச்சே நானே சொல்லிக்கறேன். அம்மா சொல்றதுக்கும் முன்னாடி" என்றாள். டாக்டர் நம்பரை நானே போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "நீங்க எந்திரிச்சு வெளிய நில்லுங்க மாமா, நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் எழுந்து சைக்கிள் கடைப் பக்கம் போய் நின்றேன். அதற்கப்புறம் அந்த பூத்தை மூடும் வரைக்கும் யார் நம்பர் சுழற்றினாலும் நான் வெளியே போய் நிற்பதுதான் வழக்கம். டீக்கடைக்காரர், சொந்தக் கடையிலேயே உங்களை வெளியே நிறுத்திப்போட்டார்கள் என்று கேலி செய்வார்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு வரன் வந்தது. கோபிப் பக்கம். மாப்பிள்ளைப் பையன் எதிரே உட்கார்ந்ததும் அவளே சொல்லிவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். யார் வழியாக என்று கேட்காதீர்கள்.

பத்திரிகை வைக்க அக்காவே பூத்துக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினேன். பெண்ணின் தாயார் என்ற இடத்தில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அவ்வளவு வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டேன். நான் அதைப் படிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அதுதானுங்க தம்பி என்ற பேரு" என்றார். கொஞ்சம் சிரிப்பும் வந்தது அவருக்கு. "எங்கயும் எழுதி வெச்சுப்போடாதீங்க."

இல்லீங்க அக்கா என்றேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் எழுதவில்லை.